கட்டுரையைத் திரும்பப் பெறவும் பணம் கேட்கிறார்கள், என்ன செய்வது?

இந்த முறை எழுதியிருப்பவர் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். துறையை நானே மறைத்துவிட்டேன். ஐந்து பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பல்கலைக்கழக விதி. அந்த நேரம் பார்த்து, "உங்கள் சிறப்பான ஆய்வைக் கண்டு வியந்தோம்" என்று ஒரு பன்னாட்டு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இணையதளத்தில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் சின்னம், இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் இம்பாக்ட் ஃபேக்டர் 6.384 எல்லாம் இருந்தன. நம்பி அனுப்பினார். நான்கே நாளில் கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர் குறிப்பு இரண்டே வரி: நல்ல கட்டுரை, எழுத்துப்பிழை பார்க்கவும். கூடவே ஒரு கட்டண ரசீதும் பதிப்புரிமை மாற்றப் படிவமும் வந்தன. அனுப்பும்போது இந்தக் கட்டணம் பற்றி எங்கும் சொல்லப்படவில்லை. சந்தேகம் வந்து கட்டுரையைத் திரும்பக் கேட்டபோது, அதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டாவிட்டால் நெறிமுறை மீறல் என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதுவோம் என்று மிரட்டவும் செய்தார்கள். அவர் இதுவரை பணமும் கட்டவில்லை, படிவத்திலும் கையெழுத்திடவில்லை.

நெறியாளர், "கட்டிவிட்டு வேலையைப் பார், அப்படியே துறைத்தலைவர் பெயரையும் சேர்த்துவிடு" என்கிறார். உடன் ஆய்வு செய்யும் நண்பர், "தலைப்பை மாற்றி, நாலு பத்தியைத் திருப்பிப் போட்டு வேறு இதழுக்கு அனுப்பிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். "இனிமேல் பணம் கேட்கும் இதழ் பக்கமே போகமாட்டேன். ஆனால் இப்போது எந்த வழியில் போவது?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஆய்வாளருக்கு,

முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் மூன்று இடங்களில் "நான் செய்தது தவறுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்த் தகவலை நம்பிக் கட்டுரை அனுப்பியது ஆய்வு நேர்மைக்குக் கேடு அல்ல. ஏமாந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் இப்போது உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் யோசனைகள் அப்படிப்பட்டவை அல்ல. சந்தேகம் வந்த பிறகும் பணம் கட்டி வெளியிடுவது, உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது, ஒரே கட்டுரையை உருமாற்றி இரண்டு இடத்தில் வைப்பது: இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்த இதழ் நடத்துபவர்களும் உங்கள் பயத்தை நம்பித்தான் மிரட்டுகிறார்கள். ஏமாந்தவர் வெளியே சொல்ல மாட்டார் என்பதுதான் அவர்கள் தொழிலுக்கு மூலதனம்.

திரும்பப் பெறுவது உங்கள் உரிமை

பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்களில் அடிப்படை ஒன்றுதான். எழுதியவருக்கே உரிமை, அதை முழுதாக இன்னொருவருக்கு மாற்ற எழுத்துவழி ஒப்பந்தமும் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் படிவத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் உங்கள் நிலை பலமானது. அனுப்பும்போது "விதிகளை ஏற்கிறேன்" என்ற பெட்டியில் டிக் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விதிகளின் பக்கத்தை இன்றே நகலெடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். அதில் திரும்பப்பெறும் கட்டணம் பற்றி ஒரு வரி இருந்தாலும் கலங்க வேண்டாம். ஏற்பு வரும்வரை வெளியீட்டுக் கட்டணத்தையே மறைத்தவர்கள் அந்த வரியைக் காட்டி வசூலிப்பது எளிதல்ல. அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருந்தால் மட்டும் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் ஆய்விதழ்ப் பதிப்புப் பணியில் இருப்பவன், வழக்கறிஞர் அல்லன்.

இந்த உத்தி புதிதல்ல. ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016-ல் வழக்குத் தொடுத்தபோது வைத்த குற்றச்சாட்டுகளைப் படித்தால் உங்கள் கடிதத்தைப் படிப்பது போலவே இருக்கும். கட்டணத்தை ஏற்புக்குப் பிறகு சொல்வது, மதிப்பீடு நடந்ததாகக் காட்டுவது, திரும்பக் கேட்டால் தர மறுத்து வேறு இதழில் வெளியிட முடியாதபடி முடக்குவது. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

இன்று செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். வாதம் வேண்டாம், கோபம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இவ்வளவு போதும்: "இந்தத் தலைப்பிலான என் கட்டுரையை இன்றைய தேதியிலிருந்து திரும்பப் பெறுகிறேன். பதிப்புரிமை மாற்றப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை, கட்டணம் செலுத்தவில்லை. இதை வெளியிட உங்களுக்கு அனுமதி இல்லை. பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்யவும்." இணை ஆசிரியர்கள் இருந்தால் அவர்களுக்கும் நகல் போகட்டும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று பேரம் பேச வருவார்கள். வழக்கமாகவே வருவார்கள். பதில் எழுதாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்கிறார்களே, அவர்களுக்கு முன் நீங்கள் எழுதிவிடுங்கள். நூலகருக்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும் நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் கொடுத்துவிட்டால், பிறகு அவர்கள் கடிதம் வந்தாலும் அதற்கு எடை இருக்காது.

நண்பர் சொன்ன வழி

உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் "யாருக்குத் தெரியப்போகிறது" என்ற கேள்விக்கு இன்று பதில் உண்டு: பதிப்பகத்தின் ஒப்புமை சோதிக்கும் மென்பொருளுக்குத் தெரியும். பெரும்பாலான நல்ல இதழ்கள் கட்டுரை வந்தவுடன் அதை ஓடவிடுகின்றன. முந்தைய இதழ் உங்கள் கட்டுரையை அனுமதியின்றி ஏற்றிவிட்டால், தலைப்பை மாற்றியதே ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்றாகிவிடும். மேலும், "இந்தக் கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்று புதிய இதழிடம் உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். திரும்பப் பெறும் கடிதம் அனுப்பாமல் அந்த உறுதியைக் கொடுத்தால் அது பொய். இரட்டை வெளியீடு என்று பின்னால் தெரிந்தால் கட்டுரை விலக்கப்படும். விலக்கல் அறிவிப்பு உங்கள் பெயரோடு இணையத்தில் நிற்கும்.

சரியான வழி இதைவிட எளிது. மின்னஞ்சலில் கொடுத்த பதினான்கு நாள் கெடு முடிந்த பிறகு புதிய இதழுக்கு அனுப்புங்கள். ஆசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில் நடந்ததை மூன்று வரியில் சொல்லி, திரும்பப் பெற்ற மின்னஞ்சலின் நகலை இணையுங்கள். இப்படி வரும் கடிதங்களை நான் படித்திருக்கிறேன். ஓர் ஆசிரியராக எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை; பின்னால் வரக்கூடிய தலைவலியை முன்கூட்டியே சொன்னாரே என்று நிம்மதிதான்.

அவர்கள் இதற்குள் வெளியிட்டுவிட்டால்? நீக்கச் சொல்லி எழுதுங்கள், பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். அவர்களுடைய தளத்துக்கு இடம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பதிப்புரிமை மீறல் அறிவிப்பு அனுப்பவும் பல நாடுகளில் வழியுண்டு. நீங்காமல் போனால் அதையும் புதிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். சிலர் ஏற்பார்கள், சிலர் மறுப்பார்கள். மறுத்தால், புதிய தரவோ பகுப்பாய்வோ சேர்த்து, பழையதை வெளிப்படையாகச் சுட்டி, வேறொரு கட்டுரையாகவே எழுத வேண்டியிருக்கும். வலிக்கும்தான்.

எதை நம்பினீர்கள், எதை நம்பலாம்

இங்கே சில எண்ணங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஐஎஸ்எஸ்என் எண் இருந்ததால் அங்கீகாரம் பெற்ற இதழ் என்று நினைத்தீர்கள். அது வாகனத்தின் எண்பலகை மாதிரி. எந்த வண்டி என்று சொல்லும், ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியுமா என்று சொல்லாது. பாரிஸில் உள்ள ஐஎஸ்எஸ்என் பன்னாட்டு மையமே தரத்துக்கு இந்த எண் சான்றல்ல என்கிறது. டிஓஐ எண்ணும் அப்படியே. அது கட்டுரையின் நிரந்தர முகவரி, மதிப்பீட்டுச் சான்றிதழ் அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் கதை கொஞ்சம் சுவையானது. அந்தப் பெயரில் மதிக்கப்படும் எண்ணைக் கணக்கிடுவது கிளாரிவேட் நிறுவனம் ஒன்றுதான். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. முன்பு அதை மூன்று தசம இடங்களோடு வெளியிட்டார்கள். இல்லாத நுணுக்கத்தைக் காட்டுகிறது என்பதால் 2023 முதல் ஒரே தசம இடத்துக்குக் குறைத்துவிட்டார்கள். நடப்பு ஆண்டு எண் என்று 6.384 காட்டும் தளம், வேறொரு பெயர் தெரியாத "குறியீட்டு நிறுவன"த்திடம் எண்ணை வாங்கியிருக்க வேண்டும், அல்லது அதுவே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அத்தகைய எண்களை விற்பதே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு.

ஸ்கோபஸ் சின்னத்தை யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்க முடியும். அங்கே ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொண்டு தேடுங்கள். பெயரைக் கொண்டு தேடினால் ஒத்த பெயர்களில் ஏமாறலாம். இதழ் பட்டியலில் இருந்தால், எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். சில இதழ்கள் நீக்கப்பட்டு ஆண்டுகள் ஆன பிறகும் சின்னத்தைக் கழற்றுவதில்லை. இதிலும் ஓர் ஓட்டை உண்டு: உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே தோற்றத்தில் போலித் தளம் நடத்துவது. இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலை, விலக்கப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளம் 2022 முதல் வெளியிட்டு வருகிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் இருப்பது நிரந்தரமும் இல்லை, முழு உத்தரவாதமும் இல்லை. ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்கள் பல நல்ல பட்டியல்களில்தான் இருந்தன. பொய்க் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்ததால் 2023-ல் மட்டும் அங்கிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் விலக்கப்பட்டன. அதை வாங்கியிருந்த வைலி நிறுவனம் அந்தப் பெயரையே கைவிட்டது. அங்கே நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள், பாவம்.

இனி, பணம் கேட்கும் இதழெல்லாம் போலி என்ற முடிவு. இதை நான் மறுக்கிறேன். திறந்த அணுக்கத்தில் படிப்பவரிடம் பணம் வாங்காமல் எழுதுபவரிடமோ அவர் நிறுவனத்திடமோ வாங்குவது நேர்மையான முறைகளில் ஒன்று. பிளாஸ் போன்ற மதிப்புள்ள வெளியீட்டாளர்கள் அப்படித்தான் நடத்துகிறார்கள். ஏற்புக்குப் பிறகு ரசீது வருவதும் தவறில்லை. தொகையும் தள்ளுபடி விதியும் நீங்கள் அனுப்பும் முன்பே கண்ணில் படும்படி இருந்ததா என்பதே கேள்வி. மறுபக்கம், எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்களும் ஏராளம். திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலான டிஓஏஜே-யில் பெரும்பான்மை இத்தகையவைதான். அந்தப் பட்டியல் தன் அளவுகோல்களைக் கடுமையாக்கி, 2016-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. அதனால் அதன்மேல் எனக்கு மரியாதை.

ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் தொகுத்த, சந்தேகத்துக்குரிய இதழ்களின் கறுப்புப் பட்டியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை அவர் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டார். பிறர் எடுத்து வைத்த நகல்கள்தான் இணையத்தில் உலவுகின்றன. துப்புக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது.

அடுத்த இதழைத் தேர்வது

நான் சொல்லும் முதல் வழியில் எந்தத் தளமும் வேண்டாம். உங்கள் ஆய்வேட்டின் துணைநூற் பட்டியலை எடுங்கள். நீங்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை? உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் தேடிவந்த இதழைவிட, படிக்கும்போது நீங்கள் தேடிப்போன இதழ் நம்பத்தக்கது.

பிறகு, அந்த இதழின் கடைசி வெளியீட்டிலிருந்து மூன்று கட்டுரைகளை உட்கார்ந்து படியுங்கள். சுருக்கத்தை மட்டும் அல்ல, முறையியல் பகுதியை. படிக்கும்போதே "இதை எப்படி விட்டார்கள்" என்று தோன்றினால், மதிப்பீடு நடக்கவில்லை என்று பொருள். 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், படித்தவுடன் கண்ணில் படும் பெரும் பிழைகளைத் தெரிந்தே வைத்து ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. 98 இதழ்கள் மறுத்தன.

ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய நிறுவன முகவரியைத் தேடி எடுத்து, "நீங்கள் இந்த இதழில் பணியாற்றுகிறீர்களா" என்று கேட்டு எழுதலாம். இதில் கூச்சம் வேண்டாம். அனுமதியில்லாமல் பெயர் போடப்பட்டவர்கள் உங்களுக்கு நன்றிதான் சொல்வார்கள். போலந்து ஆய்வாளர்கள் சிலர், இல்லாத ஒரு பெண் அறிஞரை உருவாக்கி, ஆசிரியராக இருக்க விருப்பம் என்று 360 இதழ்களுக்கு எழுதிப் பார்த்தார்கள். பீலின் பட்டியலில் இருந்த 120-ல் 40 இதழ்கள் அந்த ஆவியைச் சேர்த்துக்கொண்டன என்று 2017-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். டிஓஏஜே-யிலிருந்து எடுத்த 120-லும் 8 சேர்த்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கோப் எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழுவில் உறுப்பினர் என்று இதழ் சொன்னால், அந்த அமைப்பின் தளத்திலேயே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதழ் நம்பத்தக்கதா என்று சோதிக்க உதவும் "திங்க் செக் சப்மிட்" என்ற கேள்விப் பட்டியலும் பயன்படும். கால அளவு பற்றி ஒரு குறிப்பு: நான்கு நாளில் மறுப்பு வருவது சாதாரணம், ஆசிரியரே பார்த்துப் பொருந்தாது என்று அனுப்பியிருப்பார். நான்கு நாளில் ஏற்பு வந்தால்தான் அஞ்ச வேண்டும். முறையான மதிப்பீட்டுக்கு வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும்.

இன்னொன்றையும் உறுத்தலோடு சொல்கிறேன். உங்கள் கட்டுரையை வெளியாள் ஒருவர்கூட இன்னும் படிக்கவில்லை. அந்த இரண்டு வரிக் குறிப்பை மதிப்பீடாக எண்ணிவிடாதீர்கள். மாதிரியின் அளவு போதுமா என்று உங்களுக்கே ஓர் ஐயம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மறுபடி அனுப்பும் முன் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

துறைத்தலைவரின் பெயர்

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்து, பிற துறைகளிலும் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல் நான்கு: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து வேண்டும். உதவி செய்தவர்களுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

நெறியாளரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல், எனக்குப் புரிகிறது. ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் அவர். அவரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம், கொள்கை பேசவும் வேண்டாம். விதியைக் காட்டுங்கள்: "சார், இந்த இதழில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் பங்கு என்னவென்று தனித்தனியாகக் குறிப்பிட்டு ஒப்புதல் தர வேண்டுமாம். கட்டுரையில் பிழை வந்தால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டுமாம். தலைவர் சாரிடம் எந்தப் பங்கை எழுதச் சொல்வது?" இந்தக் கேள்விக்குப் பிறகு பெரும்பாலான பெயர்கள் நன்றிப் பகுதிக்கு நகர்ந்துவிடும். நெறியாளரின் சொந்தப் பங்கு உண்மையானது என்றால் அதை முழுதாகப் பதிவு செய்யுங்கள். அப்படியும் வற்புறுத்தினால், நெறிமுறைக் குழுவிடம் பெயர் குறிப்பிடாமல் பொதுவாக விளக்கம் கேளுங்கள். அவர்கள் எழுத்தில் தரும் பதிலை அவரிடம் காட்டுவது, நீங்களே மறுத்துப் பேசுவதைவிட நல்லது.

காலக்கெடு

கடைசியாக, நேரம். பல்கலைக்கழக விதியின் சொற்களை மூலத்திலேயே படியுங்கள்; வாய்வழியாகக் கேட்டதை நம்ப வேண்டாம். சில இடங்களில் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்று இருக்கும், சில இடங்களில் ஏற்புக் கடிதம் போதும், சில இடங்களில் மாநாட்டுத் தொகுப்பும் செல்லும். எதுவும் பொருந்தாவிட்டால் கால நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். திரும்பப் பெற்ற மின்னஞ்சல், அவர்களின் மிரட்டல், நூலகருக்கு எழுதிய ஒரு பக்கம், புதிய இதழ் கட்டுரையைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை ஆகிய நான்கையும் இணையுங்கள். இதே விதியால் இதே வலையில் உங்களுக்கு முன்பே யாராவது விழுந்திருக்கக்கூடும். விண்ணப்பத்தைப் பார்ப்பவர்களுக்கு அதை நினைவூட்டுவதிலும் தவறில்லை.